வெளிநாட்டு மருத்துவமனையில் நான்கு வாரப் பயிற்சி: நெல்லை மாணவி ஒருவரின் திட்டமிடல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருநெல்வேலி வட்டாரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். படித்துவந்த மாணவி ஒருவர், இறுதியாண்டு வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களில், வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் ஒரு மாதம் பயிற்சி பெற விரும்புவதாகத் துறையில் வந்து தெரிவித்தார். நெஞ்சக மருத்துவத் துறை ஆசிரியனாகவும் அவருடைய வழிகாட்டியாகவும் இருந்ததால், அந்த விருப்பம் திட்டமாகி, திட்டம் பயணமாகி, பயணத்தில் கற்றது ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தது வரை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. மாணவியும் அவருடைய தாயாரும் படித்துப் பார்த்து இசைவு தந்த பிறகே இது எழுதப்படுகிறது. ஊர், கல்லூரி, மருத்துவமனை ஆகியவற்றின் அடையாளங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

மாணவி முக்கூடல் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவர். தாயாரும் பாட்டியும் பீடி சுற்றுபவர்கள். தந்தை லாரி ஓட்டுநர். அரசுப் பள்ளியில் படித்து, தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம்பெற்ற முதல் அணியில் அவரும் ஒருவர். கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றதால் கல்லூரிப் படிப்புக்காக வீட்டில் கடன் ஏதும் இல்லை. அந்தக் குடும்பம் முதல் பெருங்கடனை இந்தப் பயணத்துக்காகவா வாங்க வேண்டும் என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே எங்கள் பேச்சில் இருந்தது.

நம் நாட்டு மருத்துவப் படிப்பில் எலெக்டிவ் எனப்படும் விருப்பப் பயிற்சி 2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வந்தது. முதலில் இரண்டு மாதமாக இருந்த அதனை, 2023ஆம் ஆண்டு நெறிமுறைகள் 15 நாள் கொண்ட இரு பகுதிகளாக, மொத்தம் ஒரு மாதமாகக் குறைத்தன. அதற்கு 75 விழுக்காடு வருகைப் பதிவும் பயிற்சிக் குறிப்பேடும் இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. இந்த மாணவி எங்களிடம் வந்தபோது அவருடைய எலெக்டிவ் காலம் கல்லூரிக்குள்ளேயே முடிந்திருந்தது. ஆகவே வெளிநாட்டுப் பயிற்சிக்கான காலத்தை வேறெங்காவது தேட வேண்டியிருந்தது.

முதலில் கொண்டுவந்த திட்டம்

அவர் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. சென்னையில் இயங்கும் முகவர் ஒருவர், அமெரிக்காவில் நான்கு வாரம் 'நேரடிக் கைப்பயிற்சி'யும், முடிவில் பரிந்துரைக் கடிதமும் வாங்கித் தருவதாகச் சொல்லி, பல லட்சம் ரூபாய்க்கு ஒரு விலைப்பட்டியலை அனுப்பியிருந்தார். பட்டியலின் முதல் பக்கத்தில் பெரிய மருத்துவமனை ஒன்றின் படம் இருந்தது. பயிற்சி நடைபெறும் இடமோ நான்காம் பக்கத்தில் இருந்தது: ஒரு தனி மருத்துவரின் புறநோயாளர் கிளினிக். அதே பக்கத்தின் கீழே, சிறிய எழுத்தில், பங்கேற்பவர் 'பார்வையாளர்' மட்டுமே என்ற வரியும் இருந்தது.

விசா பற்றிய பகுதியே எங்களை அதிகம் கவலைப்படுத்தியது. அமெரிக்க விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி மாணவர் தம் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக, அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், ஊதியமின்றி எலெக்டிவ் செய்வதற்கு பி-1 எனப்படும் குறுகிய கால வருகை விசாவில் இடமுண்டு. தனியார் கிளினிக் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் முகவர், தூதரக நேர்காணலில் 'உறவினரைப் பார்க்கச் சுற்றுலா போகிறேன்' என்று சொல்லச் சொல்லியிருந்தார். விசா அதிகாரியிடம் நோக்கத்தை மறைத்தது பின்னால் தெரியவந்தால் அந்த நாட்டு வாசல் வாழ்நாள் முழுதும் அடைபடக்கூடும். அமெரிக்காவில் மேற்படிப்புக் கனவோடு போகும் மாணவர், அந்தக் கனவுக்கே வழி இல்லாமல் செய்துகொள்வார். போதிய காப்பீடும் உரிய அனுமதியும் இல்லாமல் நோயாளியின் மீது கைவைப்பது, எந்த நாட்டிலானாலும், நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொன்னோம்.

அன்றே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. முன்பணம் கட்டியிருக்கவில்லை என்பது நல்ல காலம். எங்கள் கல்லூரிப் பிள்ளைகளிடம் இத்தகைய பட்டியல்கள் விடுதி வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வீட்டில் அதைப் படித்துப் பார்த்து எச்சரிக்க ஆள் இருப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

முறையான வேறு வழிகளும் பார்க்கப்பட்டன. அமெரிக்கக் கல்லூரிகள் பல, வெளியிலிருந்து வரும் மாணவர்களை வி.எஸ்.எல்.ஓ. என்ற பொது விண்ணப்ப முறை வழியே எடுத்துக்கொள்கின்றன. அதில் மாணவரின் சொந்தக் கல்லூரியும் உறுப்பாக இருந்தாக வேண்டும். எங்கள் கல்லூரி உறுப்பாக இல்லை. 1951இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மருத்துவ மாணவர் சங்கக் கூட்டமைப்பு, நாடுகளுக்கிடையே மாணவர்களை மாற்றிக்கொள்ளும் நான்கு வாரப் பயிற்சியை நடத்துகிறது. தங்குமிடமும் நாளுக்கு ஒரு வேளை உணவும் அங்குள்ள மாணவர்களே ஏற்பாடு செய்வதால் செலவு மிகக் குறையும். ஆனால் அதற்குக் கல்லூரியில் உள்ளூர்க் கிளை இருக்க வேண்டும், அதுவும் இல்லை.

எதைக் கற்பதற்காகப் போவது

இந்தக் கட்டத்தில் 'எந்த நாடு' என்ற பேச்சை நிறுத்திவைத்து, கற்க விரும்புவதை ஒரு பக்க அளவில் எழுதிவரச் சொன்னோம். முதலில் வந்த பக்கம் இதய அறுவைச் சிகிச்சை, ரோபோ அறுவைச் சிகிச்சை என்று தொடங்கியது. நான்கு வாரம் பார்த்துவிட்டுத் திரும்பும் மாணவரால் அவற்றைக் கொண்டு அம்பாசமுத்திரத்திலோ ஆலங்குளத்திலோ என்ன செய்ய முடியும் என்று கேட்டபோது, அவரிடமிருந்து விடை இல்லை. இரண்டாவது பக்கம் எழுத அவருக்குப் பல நாள் ஆயிற்று. அந்தப் பக்கத்தில் அவருடைய பாட்டி இருந்தார்.

பாட்டிக்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோய். புகைபிடித்தவரல்லர். விறகடுப்புப் புகையும், மடியில் வைத்த பீடித் தட்டிலிருந்து எழும் தூளும் அவர் நெஞ்சுக்குள் போயிருந்தன. மாதந்தோறும் எங்கள் ஓ.பி.க்கு வந்து இன்ஹேலர் வாங்கிப் போகிறார். ஆனால் மூச்சு வாங்கும் என்ற பயத்தில் நடப்பதை விட்டுவிட்டார். நடக்காததால் கால் தசை மெலிந்தது. தசை மெலிந்ததால் முன்னிலும் எளிதாக மூச்சு வாங்கியது. எங்கள் ஓ.பி.யில் இதே வட்டத்துக்குள் சிக்கிய பெண்கள் பலர் உண்டு. மருந்தைச் சரியான முறையில் கொடுக்கிறோம். நடக்கப் பயிற்றுவிக்க எங்களிடம் ஒழுங்கான ஏற்பாடு இல்லை.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்பது அந்த ஏற்பாடுதான். பிரிட்டனில் அது பொதுச் சுகாதார சேவையின் வழக்கமான பகுதி: ஆறு முதல் பன்னிரண்டு வாரம், வாரம் இரண்டு முறையாவது மேற்பார்வையில் உடற்பயிற்சி, கூடவே நோய் பற்றிய கல்வி. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தேவைப்படுவது ஒழுங்கும் ஆளும். 'இந்த வகுப்பை எப்படி நடத்துகிறார்கள், யார் எதைச் செய்கிறார்கள், நோயாளி இடையில் நின்றுவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்' என்பதே கற்க வேண்டியது என்று மாணவி எழுதியிருந்தார். திட்டத்தின் திருப்பம் இதுவே என்று கருதுகிறேன்.

ஏனெனில் பிரிட்டனின் பார்வையாளர் விசாவில் வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் எலெக்டிவ் செய்யலாம். ஆனால் ஊதியம் கூடாது, நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதில் பங்கு கூடாது என்பது விதி. அறுவைச் சிகிச்சையில் கைதேர விரும்புபவருக்கு அது பெரிய தடை. ஒரு வகுப்பு நடக்கும் முறையைக் கவனிக்க விரும்புபவருக்கு அந்தத் தடையால் இழப்பு ஏதும் இல்லை. எங்கள் பழைய மாணவர் ஒருவர் இங்கிலாந்தின் நடுப்பகுதி நகரம் ஒன்றின் கற்பிப்பு மருத்துவமனையில் பணியாற்றுகிறார். அங்குள்ள எலெக்டிவ் அலுவலகத்துக்கு எழுதும் முறையை அவர் சொல்லித் தந்தார். அந்த ஒரு பக்கத்தை இணைத்து அனுப்பியதும், மறுவாழ்வுப் பிரிவின் மூத்த பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையாளராக இருக்க ஒப்புக்கொண்டார்.

எப்போது போவது

எஞ்சியிருந்தவை இரண்டு இடைவெளிகள். ஒன்று, இறுதித் தேர்வுக்குப் பின் வரும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியான ஹவுஸ் சர்ஜன் ஆண்டு. மாணவி விரும்பியது அதைத்தான். அந்த ஓராண்டில் அனுமதிக்கப்படும் விடுப்பு 15 நாள் மட்டுமே. அதற்கு மேல் போனால் பயிற்சிக் காலம் நீளும். முதுநிலை நுழைவுத் தேர்வுக்கான தகுதி நாள் தவறிப்போகும் ஆபத்தும் உண்டு. மற்றொன்று, இறுதித் தேர்வு முடிந்து முடிவு வெளிவரும் வரையிலான காலம். அப்போது வகுப்பு இல்லை, வருகைப் பதிவு இல்லை. ஆனால் முடிவு எப்போது வரும், ஹவுஸ் சர்ஜன் பயிற்சி எந்த நாளில் தொடங்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. தேர்ச்சி பெற்றதும் மாநில மருத்துவ மன்றத்தில் தற்காலிகப் பதிவு செய்த பிறகே பயிற்சியில் சேர முடியும். அதற்கு ஆள் ஊரில் இருக்க வேண்டும்.

இரண்டாவது இடைவெளியைத் தேர்ந்தெடுத்தோம். தேர்வு முடிந்துவிட்டாலும் பட்டம் ஹவுஸ் சர்ஜன் ஆண்டுக்குப் பிறகே வழங்கப்படுகிறது, ஆகவே அவர் இன்னும் மாணவரே என்று டீன் தம் கடிதத்தில் தெளிவாக எழுதினார். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் 'மாணவர் எலெக்டிவ்' என்ற பிரிவில் விண்ணப்பமே ஏற்கப்பட்டிருக்காது. தேர்வு அட்டவணை மாறக்கூடும் என்பதால், தொடக்கத்திலேயே இரண்டு தேதி வரிசைகளை அந்த மருத்துவமனையிடம் கேட்டு வைத்தோம். எதிர்பார்த்தபடியே அட்டவணை சில வாரம் தள்ளிப்போனது. இரண்டாவது வரிசை கைகொடுத்தது. செய்முறைத் தேர்வு முடியும் வரை விமானச் சீட்டு வாங்கவில்லை.

உடல்நலச் சான்றுகள்

பணத்தைவிட, விசாவைவிட, அதிக காலம் எடுத்தது இதுதான். குறுகிய காலப் பார்வையாளர் விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவையில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்களுக்குத்தான் அது. அதைப் படித்துவிட்டு உடல்நலச் சான்று எதுவுமே வேண்டாம் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். விசா அலுவலகம் கேட்காததை மருத்துவமனையின் பணியாளர் நலப் பிரிவு கேட்கும்.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி, காசநோய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எழுத்துச் சான்று கோரப்பட்டிருந்தது. மாணவியின் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது ஊறிப் போயிருந்தது. அட்டை இருந்திருந்தாலும் போதியிருக்காது. அவர் பிறந்த காலத்துத் தேசிய அட்டவணையில் தட்டம்மைக்கு ஒரே தவணை. பொன்னுக்கு வீங்கிக்கோ சின்னம்மைக்கோ தடுப்பூசி இல்லை.

சின்னம்மை பற்றி விசாரித்தபோது தாயார், மகளுக்கு இரண்டாம் வகுப்பில் அம்மை போட்டதையும், வாசலில் வேப்பிலை கட்டி வைத்து மூன்றாம் தண்ணீர் ஊற்றியதையும் தேதி தவறாமல் சொன்னார். அதைவிட உறுதியான வரலாற்றை மருத்துவராக நான் கேட்டதில்லை. ஆனால் படிவத்தில் அதை எழுத இடமில்லை. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அளவு பார்த்து, இருப்பதை உறுதி செய்து அனுப்பினோம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை, 28 நாள் இடைவெளியில் போடப்பட்டது.

ஹெபடைட்டிஸ் பி-தான் நாள் தின்றது. முதலாண்டிலேயே மூன்று தவணையும் போட்டவர் அவர். போட்ட பிறகு எதிர்ப்புப் பொருள் உருவானதா என்று பார்க்கப்படவே இல்லை. இப்போது பார்த்தபோது அளவு 10 மில்லி யூனிட்டுக்கும் கீழே. ஊசி போட்டு ஆண்டுகள் கழிந்த நிலையில் அளவு குறைந்திருப்பது பாதுகாப்பே இல்லை என்பதாகாது. உடலின் எதிர்ப்பாற்றலுக்கு அந்த ஊசியின் நினைவு இருக்கிறதா என்று அறிய மேலும் ஒரு தவணை போட்டுப் பார்க்க வேண்டும். போட்டோம். ஒரு மாதம் காத்திருந்து மறுபடி பார்த்ததில் அளவு நன்றாக உயர்ந்திருந்தது. உயராமல் போயிருந்தால் மீதித் தவணைகளுக்கும் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும், பயணம் நின்றிருக்கும். வெளிநாட்டுக்குப் போகிறாரோ இல்லையோ, நாளும் ஊசி முனையோடு பழகும் ஒரு மருத்துவ மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. ஒரு வெளிநாட்டுப் படிவம் கேட்டதால்தான் தெரிய வந்தது என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

காசநோய்க்கு முதலில் மாந்தோ எனப்படும் தோல் ஊசிச் சோதனை செய்தோம். கையில் தடிப்பு எழுந்தது. பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடப்பட்டவர்களுக்கு, அதுவும் நெஞ்சக வார்டில் பணிபுரிந்தவர்களுக்கு, இதை வைத்து முடிவு சொல்ல முடியாது. பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாத ஐ.ஜி.ஆர்.ஏ. இரத்தச் சோதனை எதிர்மறையாக வந்தது. மார்பு எக்ஸ்-ரேயும் தெளிவாக இருந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பிய பிறகே பணியாளர் நலப் பிரிவின் ஒப்புதல் கிடைத்தது. இதற்குள் முதல் கடிதம் எழுதி ஏறத்தாழ ஐந்து மாதம் கடந்திருந்தது.

பணம், விசா, வீட்டார்

பாஸ்போர்ட்டுக்குத் திருநெல்வேலி சேவை மையத்திலேயே விண்ணப்பித்தார். மருத்துவமனை கேட்ட காவல்துறைத் தடையின்மைச் சான்றும் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே கிடைத்தது. விசா விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்துதான் கொடுக்க முடியும்; பெரும்பாலும் மூன்று வாரத்தில் முடிவு வரும். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிச் சென்னையில் விரல்ரேகை கொடுத்துவிட்டு அடுத்த இரவே திரும்பினார்.

செலவு விமானம், தங்குமிடம், அங்குள்ள கல்லூரிக்கான கட்டணம், காப்பீடு என்று நான்காகப் பிரிந்தது. தாயார் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து மொத்தப் பணத்தையும் மகளின் கணக்கில் போட்டுவிட முன்வந்தார். இரண்டு காரணங்களால் அதைத் தடுத்தோம். இருப்பே இல்லாத கணக்கில் திடீரென்று பெருந்தொகை வந்தால் விசா அதிகாரிக்கு இயல்பாகவே ஐயம் எழும். அதோடு, பீடிக் கூலியிலிருந்து அந்த நகையை மீட்க எத்தனை ஆண்டு ஆகும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சவுதியில் வேலை பார்க்கும் தாய்மாமன் செலவை ஏற்று, உறவைக் குறிப்பிட்ட கடிதத்தையும் தம் வங்கிக் கணக்கின் ஆறு மாத விவரத்தையும் அனுப்பினார். ஒரு பகுதியைப் பழைய மாணவர்கள் சிலர் திரும்பப் பெறாத உதவியாகத் தந்தார்கள். நகை வீட்டிலேயே இருந்தது.

வீட்டாரின் இசைவு எளிதில் கிடைக்கவில்லை. கல்லூரிக்கு வந்த தாயார் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்: "நோயாளியத் தொடவே விடமாட்டாங்கன்னா, அம்புட்டு தூரம் போயி என்னத்த சார் படிச்சிட்டு வரப்போறா?" பெண்பிள்ளையைத் தனியே அனுப்பும் அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது உண்மை. ஆனால் கேள்வி சரியானது. செலவைச் சுமப்பவர் கேட்க வேண்டியது. மாணவி பதிலைத் தாயாரிடம் நேராகச் சொல்லவில்லை. பாட்டியை எழுப்பி, வராந்தாவில் ஒரு நிமிடம் நடக்கச் சொல்லி, நாடித்துடிப்பையும் மூச்சு எண்ணிக்கையையும் தாயாரையே எண்ண வைத்து, 'இதை ஒழுங்காக எப்படிச் செய்வது என்றுதான் பார்க்கப் போகிறேன்' என்றாராம். தாயார் அதன் பிறகு மறுக்கவில்லை.

அங்கே நடந்தது

முதல் வாரம் பயன் குறைவாகவே இருந்தது. அடையாள அட்டை, தீத்தடுப்பு வகுப்பு, நோயாளி விவரங்களின் இரகசியம் பற்றிய பாடம் ஆகியவை முடிந்து, வார்டு சுற்றில் பின்வரிசையில் நின்றார். முதிய நோயாளிகளின் வட்டார ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை. 'இதற்காகவா வந்தேன்' என்று அந்த வாரக் கடிதத்தில் எழுதியிருந்தார். நான்கு வாரத்தில் ஒரு வாரம் இப்படிப் போகும் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். இரண்டு வாரப் பயிற்சியாக இருந்தால் பாதி போய்விடும்.

இரண்டாம் வாரம் மறுவாழ்வு வகுப்புக்குப் போனார். அங்கே நோயாளியின் நடைத்திறனை இரு வழிகளில் அளந்தார்கள். ஆறு நிமிட நடைச் சோதனை நாமும் படிப்பதுதான். அதற்குத் தடையில்லாத 30 மீட்டர் நீளத் தாழ்வாரம் வேண்டும். நம் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நோயாளிகளின் உறவினர்கள் பாய் விரித்து, சோற்றுப் பாத்திரங்களோடு உட்கார்ந்திருப்பதால், அந்தச் சோதனை நமக்குப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. மற்றது ஷட்டில் நடைச் சோதனை. ஒன்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள். அவற்றைச் சுற்றித் திரும்பும்போது ஒரு நடை பத்து மீட்டராகும். ஒலிப்பெட்டியிலிருந்து 'பீப்' வரும்போது அடுத்த கூம்பை அடைந்திருக்க வேண்டும். முதல் நிமிடத்தில் மூன்று முறை கடந்தால் போதும். ஒவ்வொரு நிமிடமும் வேகம் கூடும். ஒலியோடு ஈடுகொடுக்க முடியாதபோது சோதனை முடிகிறது. மூச்சுத் திணறலைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணால் நோயாளியே சொல்கிறார்.

சோதனையை நடத்த அனுமதி உண்டா என்று மாணவி கேட்டார். மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார், அது நோயாளிப் பராமரிப்பின் பகுதி. அதற்குப் பதிலாக வகுப்பு முடிந்தபின் மாணவியையே நோயாளியின் இடத்தில் நிறுத்தி முழுச் சோதனையையும் நடக்கச் செய்தார். எந்த நிமிடத்தில் கால் தயங்குகிறது, எங்கே திரும்புகையில் தடுமாற்றம் வருகிறது, உற்சாகப்படுத்தும் சொல் எப்போது உதவுகிறது, எப்போது எரிச்சலூட்டுகிறது என்பதைத் தம் உடலாலேயே அறிந்தார். குறிப்பேட்டில் மிக விரிவான பக்கங்கள் அந்த நாளுடையவை.

மூன்றாம் வாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. வார்டில் யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் நுரையீரல் உள்நோக்குச் சோதனைக்காகக் காத்திருந்தார், ஆங்கிலம் குறைவு. மாணவி தமிழ் பேசுவதை அறிந்த இளநிலை மருத்துவர் ஒருவர், சோதனையின் ஆபத்துகளை விளக்கி ஒப்புதல் வாங்க மொழிபெயர்க்கச் சொன்னார். முதியவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, இவை என்ன செய்யப் போயினம்?" என்று கேட்டார். மாணவி நலம் விசாரித்து, தைரியம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆனால் ஒப்புதலுக்கான விளக்கத்தை மட்டும் தாம் மொழிபெயர்க்க இயலாது, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும் என்று பணிவாகத் தெரிவித்தார். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர் சிறிது நேரத்தில் கிடைத்தார். முதியவர், மாணவிக்குத் தெரியாதிருந்த ஒரு செய்தியை, அதாவது இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதை, அந்த உரையாடலில்தான் சொன்னார், சோதனை ஒத்திவைக்கப்பட்டது. தம் வரம்பை அறிந்து நின்ற இந்த முடிவு, நான்கு வாரத்தில் அவர் செய்தவற்றுள் மிகச் சிறந்தது என்று மேற்பார்வையாளர் மதிப்பீட்டில் எழுதியிருந்தார். எனக்கும் அதே கருத்து.

திரும்பிய பின்

அங்கிருக்கும்போதே தேர்வு முடிவு வந்தது, தேர்ச்சி பெற்றார். திரும்பிய சில நாளிலேயே ஹவுஸ் சர்ஜன் பயிற்சி தொடங்கியது.

அந்த ஆண்டில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் உண்டு. அந்தக் காலத்தில், எங்கள் துறையின் மேற்பார்வையில், கிராமச் சுகாதார நிலையம் ஒன்றின் பின்பக்க வராந்தாவில் பத்து மீட்டர் அளந்து, கூம்புக்குப் பதில் வண்ணம் பூசிய இரண்டு செங்கல் வைத்து வகுப்பைத் தொடங்கினார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் உடனிருந்தார். செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல். முதல் வாரம் வந்த பெண்களில் பாதிப் பேர் இரண்டாம் வாரம் வரவில்லை.

வீடுகளுக்குப் போய்க் கேட்டபோது காரணம் விளங்கியது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பிற்பகல் போனால் அன்றைய கணக்கு குறையும். கணக்கு குறைந்தால் கடைக்காரர் அடுத்த நாள் இலையும் தூளும் குறைத்துக் கொடுப்பார். இங்கிலாந்து வகுப்பில் நோயாளிகள் ஓய்வூதியக்காரர்கள். இங்கே எழுபது வயதிலும் கை ஓயாதவர்கள். வகுப்பு, சுற்றிய பீடியைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் நாள்களில், ஒப்படைக்கும் கடைக்கு அருகிலிருந்த சமுதாயக் கூடத்துக்கு, காலை நேரத்துக்கு மாற்றப்பட்டது. அன்று எப்படியும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். நடையும் பயிற்சியின் பகுதியானது.

மாற்றிய பின் வருகை நிலைபெற்றது. ஆறு வாரம் முழுதும் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நடைத்தூரம் கூடியது, ஒருவருக்குக் கூடவில்லை, ஒருவர் இடையில் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எண்ணிக்கை சிறிது, ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. எனவே இதற்கு மேல் முடிவு சொல்வது முறையாகாது. மாணவி அடுத்த போஸ்டிங்குக்குப் போன பிறகும் பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒரு முறையாவது வகுப்பைத் தொடர்கிறார். மறுவாழ்வுக்கு உகந்த அளவு வாரம் இரண்டு முறை. அதற்கு இன்னொரு ஆள் தேவை.

மாற்றப்பட்டவை

இந்த நிகழ்வுக்குப் பின் கல்லூரியில் சில நடைமுறைகள் மாறியுள்ளன. முதலாண்டு மாணவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி மூன்றாம் தவணை முடிந்த ஒன்று இரண்டு மாதத்தில் எதிர்ப்புப் பொருள் அளவு பார்க்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் தடுப்பூசிக் கோப்பு தொடங்கப்படுகிறது. டீன் அலுவலகத்தில் என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்றுக்கும் மாணவர் நிலைக் கடிதத்துக்கும் மாதிரி வாசகம் இருக்கிறது. வெளிநாட்டுப் பயிற்சி கேட்டு வருபவர் நாட்டின் பெயருக்கு முன் அந்த ஒரு பக்கத்தைத் தர வேண்டும்; முகவரின் கடிதம் எதுவானாலும் கையெழுத்திடும் முன் துறையில் காட்ட வேண்டும்.

இன்னும் செய்யப்படாதது பணத்துக்கான வழி. சவுதியில் தாய்மாமன் இல்லாத மாணவருக்கு இந்தப் பயணம் நடந்திருக்காது. பழைய மாணவர் சங்கம் வழியாக நிலையான நிதி ஒன்றை உருவாக்கும் முயற்சி பேச்சளவில் இருக்கிறது. பன்னாட்டு மாணவர் கூட்டமைப்பின் உள்ளூர்க் கிளையைத் தொடங்க மூன்றாமாண்டு மாணவர்கள் சிலர் முன்வந்துள்ளனர். அது அமைந்தால் தங்கும் செலவு பெருமளவு குறையும்.

களக்காடு பக்கத்திலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் இப்போது தம் பக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். வயல்வெளிப் பாம்புக்கடியே அவர் பொருள். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தையே இலங்கையிலும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்குள்ள கண்ணாடி விரியன் கடியில் நரம்பு பாதிக்கப்பட்டுத் தசை செயலிழப்பது கூடுதலாகக் காணப்படுகிறது. அதை மருத்துவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்க இலங்கை அரசு மருத்துவமனை ஒன்றில் எலெக்டிவ் செய்ய விரும்புகிறார். அவருடைய ஹெபடைட்டிஸ் பி அளவு சரியாக இருக்கிறது. எலெக்டிவ் காலத்துக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருப்பதால், அந்த மருத்துவமனைக்கான முதல் கடிதத்தை இந்த மாதம் அனுப்புகிறோம்.